பூமிக்கு வெளிய உயிர் இருக்கா? மன்னவனூர்ல உங்க பொண்ணு கேட்ட கேள்விக்கு என் பதில்

2026 ஜனவரியில கொடைக்கானல் பக்கம் மன்னவனூர்ல ஒரு ராத்திரி தங்குனீங்க, பனியில நின்னு வானத்த பாத்துட்டு அஞ்சாவது படிக்கிற உங்க பொண்ணு "அங்கயும் யாராச்சும் இருக்காங்களாப்பா"ன்னு கேட்டா. உங்க அம்மா ஈரேழு பதினாலு லோகம் இருக்குடி, தேவர்கள் எல்லாம் இருக்காங்கன்னு சொன்னாங்க, கூட வந்த நண்பர் பைபிள்ல அப்பிடி எதுவும் சொல்லல, அதனால கெடையாதுன்னாரு, உங்க மச்சான் எல்லாம் இருக்கு, நாசாதான் மறைக்குதுன்னாரு, நீங்க எதுவும் சொல்லாம பிள்ளைய தூங்க வச்சிட்டீங்க. மதம் ஒண்ணு சொல்லுது, அறிவியல் ஒண்ணு சொல்லுது, பிள்ளைக்கு எத சொல்றதுன்னு கேட்டிருக்கீங்க. நான் கொடைக்கானல்ல 26 வருஷமா பிளஸ் டூ பசங்களுக்கு பிசிக்ஸ் எடுக்கறேன், வருஷம் தவறாம யாராவது ஒரு பிள்ளை இதே கேள்விய கேட்டுடும், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

முதல்ல நேரான பதில். இன்னிக்கு தேதி வரைக்கும் பூமிய தவிர வேற எங்கயும் ஒரே ஒரு பாக்டீரியா கூட இருக்குன்னு உறுதியா தெரியாது. இத முதல்ல பிள்ளைகிட்ட சொல்லிடுங்க. ஆனா தெரியலங்கறது வேற, இல்லங்கறது வேற. இந்த ரெண்டையும் ஒண்ணா போட்டு குழப்பிக்கிறதுலதான் பாதி சண்டை வருது.

உங்க அம்மா சொன்னதுல இருந்து ஆரம்பிக்கறேன், ஏன்னா அது எனக்கு ரொம்ப பிடிச்ச இடம். நான் பொறந்தது பூம்பாறை. எங்க வீட்டு அடுப்படியில பூண்டு கட்டுகட்டா தொங்கும், கூரையில ஒரே ஒரு கண்ணாடி ஓடு, காலையில அது வழியா ஒரு கத்த வெயில் சாய்வா இறங்கும், புகையும் தூசியும் அதுல மிதந்து மிதந்து மினுங்கும். எங்க அப்பா திருவாசகம் பாடுறவரு. திருவண்டப்பகுதியில மாணிக்கவாசகர் அண்டங்கள் "நூற்றொரு கோடியின் மேற்பட விரிந்தன"ன்னு சொல்லிட்டு, அடுத்த அடியிலயே அத்தன அண்டமும் வீட்டுக்குள்ள நுழையிற வெயில்ல மிதக்கிற தூசி மாதிரி சின்னதா தெரியிற அளவுக்கு அவன் பெரியவன்னு சொல்றாரு. அப்பா அந்த வெயில காட்டி காட்டிதான் எனக்கு இத சொல்லிக் கொடுத்தாரு. இன்னிக்கும் அந்த வரிய கேட்டா எனக்கு சிலிர்க்கும்.

இப்ப வாட்சப்புல என்ன வருதுன்னா, பாத்தீங்களா நூத்தியொரு கோடின்னு அன்னிக்கே கேலக்ஸி எண்ணிக்கைய சொல்லிட்டாரு, நாசா இப்பதான் கண்டுபிடிக்குதுன்னு. தயவு செஞ்சு அத நம்பாதீங்க, பரப்பாதீங்க. கேலக்ஸி எண்ணிக்கைக்கு இன்னிக்கு இருக்கிற மதிப்பீடே 10,000 கோடி, 20,000 கோடில இருந்து ரெண்டு லட்சம் கோடி வரைக்கும் போகுது, அந்த நம்பரோட இது ஒத்தும் போகல. அதவிட முக்கியம், மாணிக்கவாசகர் அங்க எண்ணிக்கை சொல்ல வரல, எண்ண முடியாததுன்னு சொல்ல வர்றாரு. அவர் பாட்டு சிவனோட பெருமைய பத்தினது, அத டெலஸ்கோப் ரிப்போர்ட்டா மாத்துனா பாட்டுக்குத்தான் அவமரியாதை.

சைவ சித்தாந்தத்துல இன்னும் ஆழமா ஒரு விஷயம் இருக்கு. உயிர்கள் எண்ணில்லாதது, ஒவ்வொரு உயிருக்கும் வினைக்கு தக்கபடி தனு, கரணம், புவனம், போகம்னு நாலும் இறைவன் கொடுக்கிறான்னு சொல்லுவாங்க, அதாவது உடம்பு, மனசு மாதிரியான கருவிகள், வாழ ஒரு உலகம், அனுபவம். புவனம் மொத்தம் 224ன்னு கணக்கு. அந்த பார்வையில இருக்கிறவங்களுக்கு வேற உலகத்துல உயிர் இருக்குன்னு நாளைக்கே செய்தி வந்தாலும் ஒண்ணும் ஆடிப்போகாது, உடம்பு மாறியிருக்கும், உயிர் உயிர்தான். ஆனா அந்த 224 புவனமும் செவ்வாய், வியாழன் மாதிரி கல்லும் மண்ணுமா ராக்கெட்ல போய் இறங்கற இடம்னு யாரும் சொல்லல, அது உயிர் ஏறிப்போற படிகள். அதனால உங்க அம்மா சொன்னது பொய்யில்ல, ஆனா உங்க பொண்ணு கேட்ட கேள்விக்கான சாட்சியும் இல்ல. பாட்டி சொன்னது வேற கேள்விக்கு பதில், இந்த படைப்பு எவ்வளவு பெருசு, நாம அதுல எவ்வளவு சின்னவங்கங்கற கேள்விக்கு.

நண்பர் சொன்னதும் அவ்வளவு சுலபமா முடியிற விஷயம் இல்ல. பைபிள்ல வேற கிரகத்து உயிர் பத்தி பேச்சில்லங்கறது சரிதான், ஆனா பேசல அதனால இல்லன்னு கத்தோலிக்க சர்ச் ஒரு கோட்பாடா அறிவிச்சதில்ல. ஒரு காலத்துல அரிஸ்டாட்டில் ஒரே உலகம்தான் இருக்க முடியும்னு சொன்னத எல்லாரும் படிச்சிட்டு இருந்தாங்க, 1277ல பாரிஸ் பிஷப் ஒருத்தர் கண்டனம் பண்ணின 219 கருத்துகள்ல கடவுளால பல உலகத்த படைக்க முடியாதுங்கறதும் ஒண்ணு, அதாவது முடியாதுன்னு சொல்றதுதான் தப்புன்னாரு. அதுக்காக பல உலகம் இருக்குன்னும் சொல்லல, கடவுளுக்கு எல்லை போடாதேன்னாரு. அப்புறம் 1600ல ஜியோர்டானோ புருனோங்கற இத்தாலிய தத்துவவாதிய ரோம்ல உயிரோட எரிச்சாங்க, அவர் மேல போட்ட பல குற்றச்சாட்டுல எண்ணில்லாத உலகங்கள் இருக்குன்னு அவர் சொன்னதும் ஒண்ணு, அது அழிக்க முடியாத கறைதான். அதே சர்ச்சோட வான ஆராய்ச்சி நிலையத்துக்கு தலைவரா இருந்த ஹோசே கேப்ரியல் ஃபுனெஸ் என்கிற இயேசு சபை பாதிரியார் 2008ல, பூமியில இருக்கிற உயிர்கள சகோதரன் சகோதரின்னு சொல்றோமே, வேற கிரகத்துல ஒண்ணு இருந்தா அதையும் சகோதரன்னு ஏன் சொல்லக்கூடாதுன்னு கேட்டாரு. செண்பகனூர்ல இயேசு சபை மியூசியத்துல பூச்சியும் செடியும் சேகரிச்சு வச்சிருக்கிறத பாத்திருப்பீங்க, அதே சபை ஆளுங்கதான் வத்திக்கான் டெலஸ்கோப்பையும் நடத்துறாங்க. கிறிஸ்தவங்களுக்கு உண்மையிலேயே கஷ்டமான கேள்வி வேற ஒண்ணு இருக்கு, என் கிளாஸ்ல ஒரு பொண்ணு கேட்டா, "மிஸ், அவங்களுக்கும் சேத்துதான் இயேசு சிலுவையில இறந்தாரா, இல்ல அங்க தனியா வருவாரா?" இறையியல் படிச்சவங்க நூத்துக்கணக்கான வருஷமா இத விவாதிச்சுக்கிட்டே இருக்காங்க, இன்னும் ஒரு முடிவுக்கு வரல.

முஸ்லிம் பசங்க குர்ஆன்ல 42ஆம் அத்தியாயம் 29ஆம் வசனத்த காட்டுவாங்க, வானங்களையும் பூமியையும் படைச்சதும் அந்த ரெண்டுலயும் உயிரினங்கள பரப்பினதும் அவனோட அத்தாட்சிகள்னு வரும். அங்க உயிரினத்துக்கு இருக்கிற தாப்பத்ங்கற சொல்லு நடமாடுற உயிரைக் குறிக்கும், அதனால பலர் இத நேரடியாவே எடுத்துக்கறாங்க. 12ஆம் நூற்றாண்டுல பொறந்த இஸ்லாமிய அறிஞர் பக்ருத்தீன் ராஸி அல்லாஹ்வால ஆயிரமாயிரம் உலகங்கள படைக்க முடியும்னு வாதாடினாரு. புத்தர் இன்னொரு வழி, பௌத்த நூல்கள்ல ஆயிரக்கணக்கான உலகத் தொகுதிகள் பேசப்படுது, ஆனா உலகம் முடிவுள்ளதா முடிவில்லாததான்னு கேட்ட சீடனுக்கு, விஷ அம்பு தைச்சவன் அம்பு எந்த மரம்னு கேட்டுக்கிட்டா இருப்பான், முதல்ல அத பிடுங்குன்னாரு.

இத்தன மதத்தையும் பாத்தா, படைப்பு நம்மளோட முடிஞ்சு போச்சுன்னு அடிச்சு சொல்ற மதம் ரொம்ப கம்மி. ஆனா எந்த மதத்துலயும் இந்த நட்சத்திரத்துக்கு பக்கத்துல இந்த கிரகத்துல இந்த மாதிரி உயிர்னு சரிபார்க்கிற மாதிரி ஒரு சொல்லும் கெடையாது. சரிபார்க்கிற வேலை வேற இடத்துல நடக்குது, அதுல ஒரு முக்கியமான பகுதி நம்ம ஊர்லயே நடந்திருக்கு.

கொடைக்கானல் சோலார் அப்சர்வேட்டரி 1899ல ஆரம்பிச்சது, 2343 மீட்டர் உயரத்துல இருக்கு. அங்க மியூசியத்துக்கு போனீங்கன்னா சூரியனோட பிம்பத்த நேரடியாவும், வெயில ஏழு நிறமா பிரிச்ச ஸ்பெக்ட்ரத்தையும் காட்டுவாங்க. அந்த நிறப்பட்டையில அங்கங்க மெல்லிசா கறுப்புக் கோடு இருக்கும். பசங்க அத அழுக்குன்னு நினைப்பாங்க. அது அழுக்கில்ல, கையெழுத்து. சூரியனோட மேல் அடுக்குல இருக்கிற சோடியம், கால்சியம், இரும்பு ஒவ்வொண்ணும் தனக்குன்னு சில நிறங்கள உறிஞ்சிக்கும், அந்த இடம் கறுப்பா நிக்கும். எங்க அப்பா கண்ணாடி ஓடு வழியா வந்த வெயில்ல தூசிய காட்டுனாரு, இங்க அதே வெயில ஒரு மெல்லிசான இடுக்கு வழியா விட்டு, 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கிறதுல என்னென்ன இருக்குன்னு படிக்கிறாங்க. முதல் தடவ இது புரிஞ்சப்போ நான் காலேஜ்ல இருந்தேன், அன்னிக்கு எனக்கு தூக்கமே வரல.

1909 ஜனவரியில இதே அப்சர்வேட்டரியில ஜான் எவர்ஷெட் சூரியன் மேல இருட்டா தெரியிற சூரியப்புள்ளிகள பாக்கறப்போ அந்த கறுப்புக் கோடுங்க இருக்க வேண்டிய இடத்துல இல்லாம கொஞ்சூண்டு நகர்ந்திருக்கிறத கவனிச்சாரு. ஆம்புலன்ஸ் கிட்ட வர்றப்போ சைரன் கீச்சுன்னும் தள்ளிப் போறப்போ தணிஞ்சும் கேக்குமே, வெளிச்சத்துக்கும் அதே கதைதான், நம்மள பாத்து வந்தா ஊதா பக்கம், விலகிப் போனா சிவப்பு பக்கம் கோடு நகரும். அத வச்சு சூரியப்புள்ளியில இருந்து வாயு வெளிப்பக்கமா பாயுதுன்னு கண்டுபிடிச்சாரு, உலகம் பூரா அதுக்கு எவர்ஷெட் விளைவுன்னுதான் பேரு. இப்ப கேளுங்க, 1995ல மிஷெல் மேயரும் டிடியே க்வெலோவும் சூரியன் மாதிரி இருக்கிற இன்னொரு நட்சத்திரத்த சுத்துற முதல் கிரகத்த கண்டுபிடிச்சதும் இதே கோடு நகர்றத வச்சுத்தான். கிரகம் சுத்தறப்போ நட்சத்திரமும் லேசா ஆடும், அந்த நட்சத்திரம் நொடிக்கு 50 மீட்டருக்கு கொஞ்சம் மேல வேகத்துல முன்னயும் பின்னயும் ஆடுச்சு. 2019ல நோபல் கொடுத்தாங்க. நம்ம பூமி சூரியன ஆட்டுறது நொடிக்கு 9 சென்டிமீட்டர்தான், அது ஆமை வேகம், அதனாலதான் பூமி மாதிரி சின்ன கிரகத்த இந்த வழியில பிடிக்கறது அவ்வளவு கஷ்டம். வேற வழிகளும் சேந்து இன்னிக்கு உறுதியான வெளிக்கிரகங்க, அதாவது வேற நட்சத்திரங்கள சுத்துற கிரகங்க, 6000த்த தாண்டிருச்சு.

கிரகம் இருக்கறது ஒண்ணு, அதுல உயிர் இருக்கறது வேற. அதுக்கும் இதே கோடுதான். கிரகம் தன் நட்சத்திரத்துக்கு முன்னாடி குறுக்க போறப்போ கொஞ்சம் வெளிச்சம் அந்த கிரகத்தோட காத்து வழியா புகுந்து வரும், காத்துல என்ன இருக்கோ அதோட கையெழுத்தும் சேந்து வரும். விண்வெளியில இருக்கிற ஜேம்ஸ் வெப் டெலஸ்கோப் இததான் படிக்குது. 124 ஒளியாண்டு (ஒளி ஒரு வருஷத்துல போற தூரம் ஒரு ஒளியாண்டு) தூரத்துல கே2-18பின்னு ஒரு கிரகம், 2023ல அதுல மீத்தேனும் கார்பன் டை ஆக்சைடும் இருக்குன்னு சொன்னாங்க. 2025 ஏப்ரல்ல, இந்தியாவுல படிச்சு கேம்பிரிட்ஜ்ல இருக்கிற நிக்கு மதுசூதன் குழு டைமெத்தில் சல்ஃபைடு மாதிரி ஒரு வாயுவோட அடையாளமும் தெரியுதுன்னு சொன்னதும் டிவியெல்லாம் உயிர் கெடச்சிருச்சுன்னு கத்துச்சு, ஏன்னா பூமியில அந்த வாயுவ முக்கியமா கடல்ல இருக்கிற நுண்ணுயிர்தான் உண்டாக்குது. ஆனா அவங்க சொன்னதே, இது தற்செயலா வந்திருக்கிற வாய்ப்பு ஆயிரத்துல மூணு இருக்குன்னுதான். கேக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா பிசிக்ஸ்ல ஒண்ண கண்டுபிடிச்சாச்சுன்னு சொல்ல, தற்செயலா வந்திருக்கிற வாய்ப்பு 35 லட்சத்துல ஒண்ணுங்கற அளவுக்கு குறையணும். அப்புறம் அதே டேட்டாவ வேற குழுக்கள் போட்டு பாத்து அப்பிடி உறுதியா ஒண்ணும் தெரியலன்னுட்டாங்க, போதாததுக்கு அந்த வாயு உயிரே இல்லாத ஒரு வால்நட்சத்திரத்துலயும் இருந்திருக்கு. இத தோல்வின்னு நினைக்காதீங்க. ஒருத்தர் சொல்றத இன்னொருத்தர் சும்மா விடாம சோதிக்கிறதுதான் எனக்கு இதுல நம்பிக்கையே.

மச்சானுக்கும் இதுலயே பதில் இருக்கு. ஜேம்ஸ் வெப் எடுத்த டேட்டா குறிப்பிட்ட காலத்துக்கு அப்புறம் எல்லாருக்கும் திறந்து விட்டுடுவாங்க, எந்த நாட்டு மாணவனும் இறக்கிப் பாக்கலாம். வானத்துல என்னன்னு அடையாளம் தெரியாம பறக்கிற பொருள்கள் பத்தி நாசா போட்ட தனிக்குழு 2023 செப்டம்பர்ல அறிக்கை கொடுத்துச்சு, அதுல வேற்று கிரகத்துல இருந்து வந்ததுக்கு ஆதாரம் இல்லன்னு இருக்கு.

பக்கத்துலயே தேடுறதும் நடக்குது. பென்னுங்கற விண்கல்லுல இருந்து 2023ல 120 கிராம் அளவுக்கு மண்ண பூமிக்கு கொண்டு வந்தாங்க, 2025ல முடிவு சொன்னாங்க, நம்ம உடம்புல புரதம் கட்டுற 20 அமினோ அமிலத்துல 14 அதுல இருக்கு, மரபணு எழுத்து அஞ்சும் இருக்கு. செங்கல்லும் ஜல்லியும் எல்லா இடத்துலயும் கொட்டிக் கிடக்கு, வீடு கட்டியிருக்கான்னுதான் தெரியல. சனியோட நிலா என்செலடஸ் குறுக்களவு 500 கிலோமீட்டர், மதுரைக்கும் சென்னைக்கும் நடுவுல இருக்கிற தூரம் மாதிரி வச்சுக்கோங்க, அந்த துக்கடா நிலாவுல பனிக்கு கீழ உப்புக்கடல் இருக்கு, அது வெளிய பீச்சி அடிக்குது, அதுல உயிருக்கு வேண்டிய பாஸ்பேட் கூட இருக்குன்னு 2023ல சொன்னாங்க. செவ்வாயில பெர்சிவரன்ஸ் வண்டி 2024ல ஒரு பாறையில சிறுத்தைப் புள்ளி மாதிரி அடையாளம் பாத்துச்சு, பழைய நுண்ணுயிரால வந்திருக்கலாம், உயிரில்லாத வேதியியல்லயும் வந்திருக்கலாம், பூமிக்கு கொண்டு வந்து பாத்தாத்தான் தெரியும்.

இதெல்லாம் நுண்ணுயிர் கதை. உங்க பொண்ணு "யாராச்சும்"னுதான கேட்டா, அதாவது பேசுற ஆளு. அதுக்கு நான் குறிஞ்சிய வச்சுத்தான் சொல்லுவேன்.

மே மாசம் ரெண்டு நாள் கொடைக்கானல் வந்துட்டு போறவங்க குறிஞ்சியே காணோம், சும்மா கத விடுறாங்கன்னு சொல்றத காதால கேட்டிருக்கேன். அவங்க நடந்து போன சரிவு பூரா குறிஞ்சிப் புதர்தான், பச்சையா நிக்குது, யாருக்கும் அடையாளம் தெரியல. 12 வருஷம் அது வெறும் புதர், சில மாசம்தான் பூ, பூத்து விதை போட்டதும் செத்துரும். பூமியோட கதையும் அதுதான். பூமிக்கு வயசு 454 கோடி வருஷம், உயிர் வந்து 350 கோடி வருஷத்துக்கு மேல ஆச்சு, அதுல பெரும்பகுதி கண்ணுக்கு தெரியாத ஒத்தச்செல் உயிருங்கதான், நாம ரேடியோ அனுப்ப ஆரம்பிச்சு 130 வருஷம்தான் ஆகுது. வெளிய இருந்து யாராவது எப்பவோ ஒருநாள் பூமிய எட்டிப் பாத்திருந்தா புதரத்தான் பாத்திருப்பாங்க, பூவ இல்ல. நாமளும் இப்ப அதே மாதிரிதான் எட்டிப் பாக்கறோம். 1960ல ஃபிராங்க் டிரேக்ங்கற அமெரிக்க வானியலாளர் ரெண்டு நட்சத்திரத்த பாத்து ரேடியோவுல காது கொடுத்து கேட்டாரு, அதுல இருந்து கணக்கு வச்சாலும் நாம கேக்க ஆரம்பிச்சு 66 வருஷம்தான். நம்ம பால்வெளி மண்டலம் குறுக்கே ஒரு லட்சம் ஒளியாண்டு, குறைஞ்சது 10,000 கோடி நட்சத்திரம். ஒரு குரல் நம்ம காதுல விழணும்னா, நம்ம பூ பூத்திருக்கிற அதே நேரத்துல, எட்டுற தூரத்துல, இன்னொரு புதரும் பூத்திருக்கணும்.

கேட்டதெல்லாம் ஆளும் இல்ல. 1967ல ஜோசலின் பெல்ங்கற வானியல் மாணவி 1.34 நொடிக்கு ஒருதடவ கடிகாரம் மாதிரி துடிக்கிற ரேடியோ சிக்னல பாத்தாங்க, குட்டி பச்ச மனுசங்கன்னு அதுக்கு பேரே வச்சாங்க, கடைசியில அது வேகமா சுத்துற செத்த நட்சத்திரம், பல்சர். நம்ம பக்கத்து மலையில, ஊட்டி முத்தோரையில, 530 மீட்டர் நீளத்துக்கு மலைச்சரிவுலயே ஒரு ரேடியோ டெலஸ்கோப் நிக்குது, அந்த ஊரோட அட்சரேகையும் சரிவும் ஒரே 11 டிகிரிங்கறதால வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் அங்க தேடிப் பிடிச்சு கட்டினாரு, 1970ல இருந்து ஓடுது, அதுவும் இந்த பல்சருங்கள கேக்குது. நாமளும் சொல்லி அனுப்பியிருக்கோம், 1977ல கிளம்பின வாயேஜர் விண்கலத்துல தங்க முலாம் பூசின இசைத்தட்டுல 55 மொழியில வணக்கம் இருக்கு, தெலுங்கும் கன்னடமும் இருக்கு, தமிழ் இல்ல. அது எனக்கு இன்னிக்கும் வருத்தம்தான்.

என் சொந்த அபிப்பிராயம் கேட்டா, புதர் பல இடத்துல இருக்கும்னு நினைக்கிறேன், பூ ரொம்ப அரிதா இருக்கும்னு நினைக்கிறேன். இது நினைப்புதான், கண்டுபிடிப்பு இல்லன்னு என் பசங்ககிட்டயும் சொல்லித்தான் சொல்லுவேன். நான் தினமும் விளக்கேத்துறவ, நாளைக்கு என்செலடஸ்ல உயிர் இருக்குன்னு வந்தாலும், எங்கயுமே இல்லன்னு வந்தாலும், விளக்கேத்தறதுல எனக்கு ஒரு மாத்தமும் இருக்காது.

பாப்பாகிட்ட, பாட்டி சொன்னத பாட்டி சொன்னதாவே இருக்க விடுங்க, இன்னும் யாரும் கண்டுபிடிக்கலடா, தேடிட்டிருக்காங்கன்னு நீங்க சொல்லுங்க. அன்னிக்கு ராத்திரி தலைக்கு மேல வெள்ளையா, சிமிட்டாம பெருசா ஒண்ணு இருந்திருக்குமே, அது வியாழன். பைனாகுலர ஆடாம பிடிச்சா பக்கத்துல நாலு நிலா புள்ளியா தெரியும், அதுல ஒண்ணு யூரோப்பா, பனிக்கு கீழ கடல் இருக்குன்னு பலமான ஆதாரம் இருக்கிற இடம். நாசாவோட யூரோப்பா கிளிப்பர் விண்கலம் 2024 அக்டோபர்ல கிளம்பிருச்சு, 2030 ஏப்ரல்ல போய் சேரணும், அந்தக் கடல் உயிர் வாழ தோதான இடமான்னு பாக்கறதுதான் அதோட வேலை. 2018ல பூத்த குறிஞ்சியும் அடுத்து 2030லதான் பூக்கணும். அப்போ பாப்பா பத்தாவது படிப்பா. ஆகஸ்ட், செப்டம்பர் வாக்குல கூட்டிட்டு வாங்க, காலையில அப்சர்வேட்டரியில அந்த கறுப்புக் கோடுகள காட்டுங்க, மத்தியானம் குறிஞ்சி, சாயங்காலம் மேகம் விலகி இருந்தா மேற்கால வியாழன் தெரியும். பைனாகுலர் என்கிட்ட இருக்கு, நானே எடுத்துட்டு வர்றேன்.